ஒரு கணக்குப்பிள்ளை, நான்கு முதலாளிகள்: கம்பம் – குமுளி எல்லையில் ஒரு சி.ஆர்.எம். நிகழ்வு ஆய்வு

கம்பத்தில் இருக்கும் ஒரு விற்பனை நிறுவனத்தில் வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருளை, அதாவது சி.ஆர்.எம்.மை, சீர்செய்த கதை இது. ஏலக்காய் உலர்த்தும் ட்ரையர், அதற்கான பர்னர், ப்ளோயர், தோட்டத்து மோட்டார், சொட்டுநீர்க் குழாய், மருந்து அடிக்கும் ஸ்ப்ரேயர் எல்லாம் விற்று, சர்வீஸும் பார்க்கிறவர்கள். கடை தமிழ்நாட்டில். வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில்: வண்டன்மேடு, புற்றடி, அணக்கரை, நெடுங்கண்டம், உடும்பன்சோலை. மீதிப் பேர் கீழே கம்பம், தேவாரம், போடி. நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. விஷயம் புரிய அவை தேவையும் இல்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனம் என்ற கணக்கே கிடையாது. போடியில் வீடு இருக்கும். வண்டன்மேட்டில் அப்பா வழித் தோட்டம். மைத்துனரோடு பங்கு போட்டு வாங்கிய இன்னொரு தோட்டம். ஏலத்தில் காய் எடுக்க டீலர் உரிமத்தோடு ஒரு டிரேடர்ஸ். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கூலிக்குக் காய் உலர்த்திக் கொடுக்கும் ஸ்டோர். இத்தனையும் ஒருவருக்கே இருக்கும். ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின்னணு ஏலம் புற்றடியிலும் நடக்கிறது, போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. அதனால் மேலே ஒரு கால், கீழே ஒரு கால் வைத்துத்தான் தொழில்.

முதலாளிகளின் கதையாவது பரவாயில்லை. கணக்குப்பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். சிறு தோட்டங்களுக்கு முழுநேரக் கணக்குப்பிள்ளை கட்டுப்படியாகாது. ஒரே ஆள் மூன்று நான்கு தோட்டங்களுக்குக் கூலிக் கணக்கு, காய்க் கணக்கு, சாமான் வாங்கும் கணக்கு எல்லாம் பார்ப்பார். கடைக்குப் போன் அடிப்பது பெரும்பாலும் அவர்தான். "பர்னர் போயிருச்சுப்பா, நாளைக்குக் காலையில வந்தாகணும்" என்பார். எந்தத் தோட்டத்து பர்னர் என்று சொல்ல மாட்டார். கடையில் ரொம்ப வருஷமாக இருப்பவருக்குக் குரலைக் கேட்டதும் ஓரளவு தெரியும். புதிதாக வந்த பையனுக்குத் தெரியாது.

அவர்களுடைய மென்பொருளில் ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் நிறுவனத்துக்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது. இரண்டாவது நிறுவனம் வந்தபோது ஊழியர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவர் அதே ஆளை இன்னொரு முறை புதிதாகப் பதிந்தார். இன்னொருவர் குறிப்புக் கட்டத்தில் "இவர் டிரேடர்ஸும் பார்க்கிறார்" என்று எழுதி வைத்தார். வேறொருவர் தோட்டத்தையும் டிரேடர்ஸையும் சேர்த்து ஒரே நிறுவனமாகவே போட்டுவிட்டார். எல்லாம் வேலை நடக்க வேண்டும் என்று செய்ததுதான், அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சில வருஷத்தில் ஒரே கணக்குப்பிள்ளை நான்கு கார்டுகளில், அதாவது மென்பொருளில் நான்கு தனிப் பக்கங்களில், இருந்தார். ஒன்றில் பழைய கேரள சிம் நம்பர், மற்றொன்றில் தமிழ்நாட்டு சிம் நம்பர். பொங்கல் வாழ்த்து நான்கு தடவை போனது. ஒரு கார்டில் "மெசேஜ் வேண்டாம்" என்று குறித்தும், மற்ற மூன்றிலிருந்து மெசேஜ் போய்க்கொண்டே இருந்தது.

கையைச் சுட்ட இரண்டு சம்பவங்கள்

முதலாவது வரி சம்பந்தப்பட்டது. ஒரு ட்ரையரின் ப்ளோயர் போடியில் உள்ள டிரேடர்ஸ் பெயரில் வாங்கப்பட வேண்டியது. கணக்குப்பிள்ளை போனில் சொன்னார். கடைப் பையன் அவர் கார்டைத் திறந்தான். அதில் நிறுவனம் என்று இருந்தது வண்டன்மேட்டுத் தோட்டம். அந்தப் பெயரிலேயே பில் ஆகிவிட்டது. தோட்டத்தின் ஜி.எஸ்.டி. எண் 32-ல் ஆரம்பிக்கும், அது கேரளா. டிரேடர்ஸின் எண் 33-ல் ஆரம்பிக்கும், அது தமிழ்நாடு. கம்பத்துக் கடையும் 33. கேரளத்துக்குப் போட்ட பில்லில், மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. வந்தது. போட்டிருக்க வேண்டிய பில்லில், உள்மாநில விற்பனைக்கான சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் வர வேண்டும். பழைய பில்லைக் கழிக்கக் கிரெடிட் நோட் போட்டு, புது பில் போட்டு, இரண்டு பக்க ஆடிட்டர்களும் பேசி முடிக்கிற வரைக்கும் இழுத்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லையில் விற்கிறவர்கள் எல்லாரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. போடி டிரேடர்ஸ் பெயரில் பில் போட்டு, அவர்கள் சொல்லும்படி சாமானை வண்டன்மேட்டில் வேறொருவரின் தோட்டத்தில் இறக்கினால், வரிக் கணக்கில் சப்ளை நடந்த இடம் போடி. ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 10-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது: யார் சொல்லி அனுப்புகிறோமோ, அவருடைய முதன்மைத் தொழிலிடம்தான் கணக்கு. வண்டி குமுளி வழியாக மலை ஏறினாலும் பில் உள்மாநில பில்தான். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) தனியாக வேண்டும். ஆக, யார் போன் செய்தார், யார் பெயரில் பில், எங்கே இறக்க வேண்டும் என்பவை மூன்று தனிக் கேள்விகள். அந்த மென்பொருள் மூன்றுக்கும் ஒரே பதிலை வைத்திருந்தது.

இரண்டாவது சம்பவம் பணத்தைவிட மனதைக் கெடுத்தது. அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரிந்தார்கள். தோட்டம் இரண்டானது. கணக்குப்பிள்ளை மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாகவே இருந்தார். வசூல் பிரிவில் மாதக் கடைசியில் பாக்கி விவரம் வாட்ஸ்அப்பில் தானாகப் போகும்படி வைத்திருந்தார்கள். அது கணக்குப்பிள்ளையின் நம்பருக்குப் போனது. அண்ணனின் பாக்கியும் தம்பியின் பாக்கியும் ஒரே மெசேஜில், ஒன்றன்கீழ் ஒன்றாக. கணக்குப்பிள்ளை அதை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டார். அண்ணனின் மகன் கடைக்கு நேரில் வந்தார். "எங்க பாக்கி எவ்வளவுன்னு சித்தப்பாவுக்கு எதுக்குங்க தெரியணும்?" என்று கேட்டார். கடைக்காரருக்குப் பதில் இல்லை. ஒரு குடும்பத்துக்குள் ஏற்கெனவே புண் இருக்கும் இடத்தில் போய்க் குத்தியது அந்த மெசேஜ். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் முழுசாகச் சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். என்னை அழைத்ததும் அப்போதுதான்.

எந்தத் தகவல் யாருடையது

தீர்வின் மையம் இதுதான்: ஓர் ஆளுக்கும் ஒரு நிறுவனத்துக்கும் நடுவில் இருக்கும் உறவே தனி ஒரு பதிவு. ஆளின் பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டமாக அதை வைக்கவே கூடாது.

இதை ஒத்துக்கொண்டதும் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்கார ஆரம்பித்தது. போன் நம்பர், பேசும் மொழி, மெசேஜ் வேண்டுமா வேண்டாமா என்பது ஆளுடையது. தமிழா மலையாளமா என்பது மலையில் முக்கியமான கேள்வி. ஜி.எஸ்.டி. எண், கடன் வரம்பு, விலைச் சலுகை, பாக்கி எல்லாம் நிறுவனத்துடையது. அங்கே அவர் யார், என்ன முடிவெடுக்கலாம், எப்போதிலிருந்து எப்போதுவரை என்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள உறவுடையது. கடன் வரம்பை ஆளின் பக்கத்தில் எழுதினால், தோட்டத்துக்குக் கொடுத்த நம்பிக்கையில் டிரேடர்ஸும் சாமான் எடுத்துக்கொண்டு போகும். "இவர் சொன்னால் அனுப்பலாம்" என்பதை ஆளின் பக்கத்தில் எழுதினால், ஒரு முதலாளி கொடுத்த அதிகாரம் நான்கு முதலாளிகளுக்கும் செல்லுபடியாகிவிடும்.

மென்பொருள்களில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸில் ஓர் ஆளைப் பல நிறுவனங்களோடு இணைக்கும் வசதி உண்டு, அதை அமைப்புகளில் போய் இயக்க வேண்டும். இயக்கினால் ஒரு நேரடி நிறுவனம், மற்றவை மறைமுகம். ஒவ்வொரு இணைப்புக்கும் பங்கு, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி போடலாம். ஹப்ஸ்பாட்டில் ஒன்று முதன்மை நிறுவனம், மற்றவற்றுக்கு லேபிள் வைத்துக்கொள்ளலாம். ஜோஹோ சி.ஆர்.எம்.மில் ஆளுக்கு நிறுவனக் கட்டம் இயல்பாக ஒன்றுதான். ஆனால் வேறு பட்டியலில் இருந்து பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் லுக்கப் கட்டத்தைச் சேர்த்தால் நடுவில் ஓர் இணைப்பு மாட்யூல் (தனிப் பதிவுப் பகுதி) உருவாகும், அதில் நம் கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர்தான் வேறு, அடிப்படை ஒன்றே. கம்பத்து நிறுவனம் மென்பொருளை மாற்றவில்லை. இருந்ததிலேயே இணைப்புப் பதிவை உருவாக்கினோம்.

முதன்மை நிறுவனம் என்ற ஏற்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. எத்தனை இணைப்பு கொடுத்தாலும், ஆளின் பக்கத்திலிருந்து பதியும் அழைப்பும் மெயிலும் இயல்பாக முதன்மை நிறுவனத்தின் பக்கம்தான் போய்ச் சேரும். அறிக்கைகளும் அதை வைத்தே கூட்டும். இதைக் கவனிக்காமல் இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டால், பார்க்க அழகாக இருக்கும், பில் பழையபடியே தப்பாகப் போகும்.

நிறுவனம் என்றால் எது

ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் நிறுவனங்களின் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஜி.எஸ்.டி. எண்ணே நல்ல துணை. 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலம். அடுத்த பத்து, பான் எண். பதின்மூன்றாவது இடம், அந்த மாநிலத்தில் அதே பான் எண்ணுக்கு இது எத்தனையாவது பதிவு என்பது. ஒரே பத்து எழுத்துகள் 32-லும் 33-லும் வந்தால், மலைக்கு மேலும் கீழும் இருப்பது சட்டப்படி ஒரே உரிமைதான், பதிவுதான் இரண்டு. பான் எண்ணின் நான்காவது எழுத்தும் பேசும்: பி என்றால் தனிநபர், எஃப் என்றால் பங்குதாரர் நிறுவனம், சி என்றால் கம்பெனி, எச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். இதை எக்ஸெலில் தனிப் பத்தியாகப் பிரித்துப் போட்டபோது, வேறு வேறு என்று நினைத்திருந்த பல பார்ட்டிகள் ஒன்றாகின. ஒன்றென்று நினைத்திருந்த சில பிரிந்தன.

ஆனால் எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தனிநபர் ஒருவர் ஒரே பதிவில் இரண்டு போர்டு மாட்டி இரண்டு தொழில் நடத்தலாம். அங்கே பில் ஒன்று, சாமான் கேட்கிறவர்கள் இரண்டு. அப்புறம், சொந்த நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கும் விவசாயிக்கு ஜி.எஸ்.டி. பதிவே கட்டாயமில்லை. சிறு ஏலத்தோட்டக்காரர்களில் பலர் இந்த வகை. அவர்களுக்கு உரிமையாளர் பெயர், ஊர், ட்ரையர் நிற்கும் இடம் மூன்றையும் சேர்த்து அடையாளமாக வைத்தோம். சர்வீஸ் போகும் மெக்கானிக்குக்கு அந்த மூன்றாவது விவரம்தான் வேதம். பேப்பரில் என்ன பெயர் இருந்தாலும் அவருக்குத் தெரிந்தது "சர்ச்சுக்கு மேல வளைவுல இருக்கற ட்ரையர்" தான்.

ஆட்களை ஒன்றுசேர்ப்பதில் எல்லைக்கே உரிய சிக்கல் ஒன்று. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும். கேரளத்தில் பெயருக்குப் பின்னால் எழுதுவது சகஜம். ஒரே ஆள் கீழே பதிந்தபோது இனிஷியல் முன்னாலும், மேலே பதிந்தபோது பின்னாலும் இருந்தார். ஆங்கில எழுத்துக்கூட்டலும் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. பெயரை வைத்துத் தேடினால் மென்பொருள் இருவர் என்றே சொல்லும். போன் நம்பரை வைத்துச் சேர்க்கலாம் என்றால், மலையில் ஆளுக்கு இரண்டு சிம், ஸ்டோரில் இருக்கும் ஒரே போனை ஷிஃப்டுக்கு ஒருவர் எடுப்பார். ஆகவே மென்பொருள் சந்தேகப் பட்டியலை மட்டும் தந்தது. சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கடையின் பழைய ஊழியர்கள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். அந்த நேரம் வீண் என்று முதலாளிக்கு முதலில் தோன்றியது. என் பார்வையில் மொத்த வேலையிலும் மதிப்பு அதிகமான நேரம் அதுதான். எழுதப்படாத உறவுகள் எல்லாம் அவர்கள் தலையில்தான் இருந்தன.

இதைப் படித்துவிட்டு இதே வேலையில் இறங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இரட்டைக் கார்டுகளை ஒன்றாக்கும் முன்பே, எந்த ஆள் எந்த நிறுவனத்தோடு என்ற ஜோடிகளை எல்லாம் தனி எக்ஸெலில் எடுத்து வைத்துவிட வேண்டும். ஒன்றாக்கும்போது நிறுவனக் கட்டத்தில் ஒரு மதிப்புதான் மிஞ்சும், மற்றது போய்விடும். நான்கு கார்டுகளில் இருந்த நான்கு நிறுவனங்களில் மூன்று மாயமாகும். முதலில் ஜோடி, பிறகு ஒன்றாக்குதல், கடைசியில் எக்ஸெலில் இருந்து இணைப்புகளை ஏற்றுதல். இந்த வரிசை மாறவே கூடாது. பருவமழை பிடித்து மலையில் ஆள் நடமாட்டம் குறைந்த சமயத்தில் செய்தோம். காய் எடுப்பு மும்முரமாகிவிட்டால் ட்ரையர் கடையில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது.

பங்கு என்ற கட்டம்

உறவுப் பதிவில் பங்கு என்ற கட்டத்துக்கு முதலில் பதவிப் பெயர்களையே போட்டார்கள்: முதலாளி, பங்குதாரர், மேனேஜர், கணக்குப்பிள்ளை, கங்காணி, ஸ்டோர் பார்ப்பவர். ஒரு வாரத்திலேயே அது பயன்படாது என்று தெரிந்தது. ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளை மோட்டாரே ஆர்டர் போடுவார். அடுத்த தோட்டத்தில் அவர் ஒரு வாஷர் வாங்கவும் முதலாளியைக் கேட்க வேண்டும். பதவி ஒன்று, அதிகாரம் வேறு. ஆகவே பதவியைச் சும்மா எழுதும் கட்டமாக விட்டுவிட்டு, நான்கு டிக் வைத்தோம்: சாமான் கேட்கலாம், விலைக்குச் சம்மதம் சொல்லலாம், சரக்கை இறக்கிக்கொள்ளலாம், கணக்கு விவரம் பெறலாம்.

நான்காவது டிக்தான் அண்ணன் தம்பி விவகாரத்துக்கு மருந்து. பாக்கி விவரம் இனி ஆளுக்குப் போவதில்லை. நிறுவனம் ஒன்றுக்கு ஒரு மெசேஜ், அந்த நிறுவனத்துக்கான இணைப்பில் டிக் உள்ளவருக்கு மட்டும். ஒரே ஆள் மூன்று நிறுவனங்களுக்குக் கணக்கு பார்த்தால் மூன்று தனி மெசேஜ் போகும். டிக் போடும் முன் அந்தந்த முதலாளியிடம் கேட்டாக வேண்டும் என்றும் வைத்தோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது, அதையும் மனதில் வைத்துத்தான். சட்டமே இல்லாவிட்டாலும் அடுத்தவர் கடனை இன்னொருவருக்குக் காட்டுவது தப்பு.

கணக்குப்பிள்ளை ஒரு தோட்டத்தை விட்டுப் போனால் இணைப்பை அழிப்பதில்லை, முடிவுத் தேதி போடுகிறோம். போன சீசனில் அந்தத் தோட்டத்துக்காக அவர் வாங்கிய கொட்டேஷன் அந்தத் தோட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கும். புதிதாக யாரும் அவர் பெயரில் அங்கே ஆர்டர் எழுத முடியாது.

கடையில் நடைமுறை இப்படி மாறியது. போன் வந்ததும் ஆள் திரையில் வருவார். அவர் பெயருக்குக் கீழே நடப்பில் உள்ள நிறுவனங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால்தான் ஆர்டர் திரையே திறக்கும். இறக்க வேண்டிய இடம் தனிக் கட்டம். பையன்கள் கேட்கப் பழக வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, யார் பேர்ல பில்லு?" முதலில் முணுமுணுத்தார்கள், ஒரு தொடுதல் கூடுதல் என்று. கணக்குப்பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. மாதக் கடைசியில் எந்தத் தோட்டத்துக்கு எது வாங்கினோம் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இணைக்கக் கூடாதவர்கள்

வசதி வந்ததும் எல்லாரையும் எல்லாவற்றோடும் இணைக்கும் ஆசை வந்தது. போடி ஆடிட்டர் ஒருவரை அவர் கணக்கு பார்க்கும் எல்லா நிறுவனங்களோடும் இணைத்தார்கள். அவர் பக்கத்தைத் திறந்தால் முடிவில்லாத பட்டியல். அவரிடம் யாரும் மோட்டார் விற்கப் போவதில்லை. வெளி மெக்கானிக்குகளும் அப்படியே. அவர்கள் சர்வீஸ் வேலையோடு சேர வேண்டியவர்கள், நிறுவனத்தோடு அல்ல. கேட்பது, சம்மதிப்பது, இறக்குவது, கணக்குப் பெறுவது என்ற நான்கில் ஒன்றுகூட இல்லாத ஆளுக்கு இணைப்பு வேண்டாம் என்று முடிவானது.

முதலாளிக்கு இன்னொரு தேவை இருந்தது. ஒரு குடும்பத்தின் எல்லா நிறுவனங்களிலும் சேர்த்து எவ்வளவு பாக்கி நிற்கிறது? நியாயமான கேள்வி. கடன் கொடுப்பது குடும்பத்தின் பேரை நம்பித்தானே. ஆனால் இதற்கு ஆட்களின் இணைப்பைப் பயன்படுத்தினால் கணக்குப்பிள்ளை பொதுவாக இருக்கிற இரண்டு குடும்பங்கள் ஒன்றாகிவிடும். ஆகவே நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே 'குடும்பம்' என்று தனித் தொகுப்பு வைத்தோம், முதலாளி கண்ணுக்கு மட்டும். பாகம் பிரிந்தால் தொகுப்பும் பிரியும். பிரித்ததை உறுதி செய்வது முதலாளியின் பொறுப்பு, ஊழியரின் பொறுப்பு அல்ல.

இன்னும் முழுதாகத் தீராதது ஒன்று உண்டு. தனிநபர் பெயரில் நடந்த தொழிலின் உரிமையாளர் இறந்துவிட்டால், பான் எண் அவருடையது என்பதால் வாரிசு புதுப் பதிவு எடுக்க வேண்டும். உள்ளீட்டு வரிக் கடன், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு, ஐ.டி.சி-02 படிவம் மூலம் மாறும். அதே போர்டு, அதே ட்ரையர், அதே கணக்குப்பிள்ளை. சட்டப்படி புது நிறுவனம். இப்போதைக்குப் பழைய நிறுவனத்தை மூடி, புதியதை அதற்கு வாரிசு என்று இணைத்து, நடப்பில் இருந்த ஆட்களின் இணைப்புகளைப் புதியதற்கு நகலெடுக்கிறார்கள். நான்கு டிக்குகளையும் நகலெடுப்பதில்லை. புது முதலாளியிடம் கேட்டுத்தான் ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். பழைய பாக்கியை எந்தப் பக்கத்தில் காட்டுவது என்பதில் மட்டும் கடைக்காரரும் அவருடைய ஆடிட்டரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதுவரை அது பழைய பக்கத்திலேயே நிற்கிறது, புதிய பக்கத்தில் அதைச் சுட்டும் ஒரு வரியோடு.